இடது பின்சக்கரம்

ஹிதாயத்துல்லா பாயிடமிருந்து போன் வந்தபோது மணி ஒன்றே முக்கால். சுரங்கத்தில் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிளும் மொபெட்டும் மந்தாரக்குப்பம் ரோட்டில் வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்தன. வேணு தன் பட்டறையில் ஒரு வேனின் கிளட்சைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான். ஈரக்கையின் சுண்டுவிரலால் போனைத் தட்டி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

“சொல்லுங்க பாய்.”

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். யாரோ தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள். அதற்குள்ளிருந்து பாயின் குரல், பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதுபோல் மெதுவாக வந்தது.

“வேணு, பிரேக் புடிக்கல.”

“என்னா பாய்? எங்க இருக்கீங்க?”

“புடிக்கவே இல்ல வேணு. அமுக்கறேன், அமுக்கறேன், கால் தரையோட போவுது. ஒரு ஆளை இடிச்சிட்டேன்.”

போன் அணைந்துவிட்டது.

ஹிதாயத்துல்லா பாய்க்கு பஜாரில் பாத்திரக்கடை. வயது அறுபத்து மூன்று. மைன்ஸ் ஆபீசர் ஒருவர் ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பியபோது அவரிடம் வாங்கிய அம்பாசடர் ஒன்றை, வீட்டில் பிள்ளைகள் எத்தனை சொல்லியும் விற்காமல் வைத்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழாம் வருஷத்து வண்டி. பதினாறு வருஷமாக அதற்கு வேணு ஒருவன்தான் மெக்கானிக். வேறு எவன் கையும் அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை என்று பாயும் சொல்லிக்கொள்வார், வேணுவும் சொல்லிக்கொள்வான். பிரேக் ஆயிலை மாற்றி, லைனில் இருந்த காற்றை எடுத்து, வண்டியை பாய் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது ஞாயிற்றுக்கிழமை. இன்று செவ்வாய்.

டவுன்ஷிப்புக்குத் திரும்புகிற வளைவில் கூட்டம் நின்றது. வேணு பைக்கை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு போனான். ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. ஒரு மொபெட் முன்சக்கரம் வளைந்து கிடந்தது. டிபன் கேரியர் திறந்து, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் தாரில் சிதறியிருந்தன. அம்பாசடர் ஒரு புளியமரத்தில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் பத்தடி தூரத்துக்குக் கறுப்பாக டயர் தேய்ந்த கோடு.

“ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்காருங்க. இல்லேன்னா ஆள் குளோஸ்” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“அடிபட்டது யாரு?”

“சின்னதுரைன்னு ஒரு கான்ட்ராக்ட் ஆளு. கால்தான் போச்சி. தொடையில எலும்பு துருத்திகினு இருந்துச்சி.”

பாயை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வேணு அங்கே போனபோது அவர் ஒரு பெஞ்சில், சட்டையெல்லாம் கசங்கி, வலது காலை நீட்டி அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் இல்லை. ஆனால் கால் பெருவிரலை மடக்குவதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கமிருந்த போலீஸ்காரர் எழுதிக்கொண்டே சொன்னார். “பிரேக் புடிக்கலன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பாங்க. அவங்க என்ன எழுதறாங்களோ அதுதான்.”

பாய் தலையைத் தூக்கி வேணுவைப் பார்த்தார்.

“நீ பார்த்துதான குடுத்த? நல்லா இருந்துச்சில்ல?”

“நல்லா இருந்துச்சி பாய்” என்றான் வேணு.

சொன்ன பிறகுதான், அது தனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

பட்டறைக்குத் திரும்பியவன் அந்த வேனைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்பாசடர் நின்ற இடத்தில் போய் நின்றான். சிமெண்டுத் தரையில் நான்கு இடத்தில் பிரேக் ஆயில் சொட்டிய கறை. குந்தி உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனான். சுவரோரம் பழைய ஆயில் பிடித்து வைத்த பாட்டில் அப்படியே இருந்தது. அதற்குள் நீளமான பிளாஸ்டிக் டியூப் சுருண்டு கிடந்தது. பாட்டிலுக்குப் பின்னால், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி.

வேணு அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் ஒரு நிப்பிள் உண்டு. காற்றை எடுக்க அதைத் திறந்து மூடவேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பானரால் கடைசியாக ஒரு இறுக்கு இறுக்கி, அழுக்கு போகாமல் அதன் தலையில் ரப்பர் மூடியைச் செருகவேண்டும். இறுக்கு முதலில், மூடி அப்புறம். இருபத்திரண்டு வருஷமாக அவன் கை இந்த வரிசையை மாற்றியதில்லை. மூடி இங்கே இருக்கிறதென்றால் ஏதோ ஒரு சக்கரத்தில் கை பாதியில் நின்றிருக்கிறது.

எந்தச் சக்கரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனும் மனைவி செங்கமலமும்தான் வேலை பார்த்தார்கள். காற்று எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்கு அடியில் படுத்து நிப்பிளைத் திறப்பார். மூடுவதற்கு முன்னால் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும். அதனால் பிரேக் வேலை என்றால் வேணு வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியைத்தான் கூட்டிவருவான். அவன் சொல்லாமல் அவள் காலை எடுக்கமாட்டாள்.

“அமுக்கு. அமுக்கு. அமுக்கு. புடி.”

“புடிச்சிகினேன்.”

பழைய ஆயில் டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக, குமிழ் குமிழாக டியூபில் இறங்கும். நிப்பிளை மூடுவான்.

“வுடு.”

நான்கு சக்கரமும் முடிந்து, தேன் நிறத்தில் புது ஆயில் வர ஆரம்பித்துவிட்டது. பெடலும் நன்றாக நின்றது. இருந்தாலும் மனசு கேட்காமல், முதலில் பார்த்த இடது பின்சக்கரத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வேணு மறுபடி அடியில் படுத்தான். மூடியைக் கழற்றி, டியூபை மாட்டினான். அப்போதுதான் செங்கமலம் மேலேயிருந்து பேச்சை எடுத்தாள்.

“மைன்ஸ் கேன்டீன்ல ஆள் எடுக்கறாங்களாம். பக்கத்து வூட்டு அக்கா சொல்லிச்சி. கான்ட்ராக்ட்தான். பேர் குடுக்கட்டுமா?”

“இப்ப அதான் பேச்சா?”

“வேற எப்ப பேசறது? வண்டிக்கு அடியில இருக்கும்போதுதான் எழுந்து போவாம கேக்கறீங்க.”

“ஷிஃப்ட் வேலைக்கெல்லாம் போவ வேணாம். சொன்னா வுடு.”

“காலை வுடவா, பேச்சை வுடவா?”

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவனுக்குத்தான் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நிப்பிளை ஸ்பானரால் லேசாகத் திருப்பி மூடிவிட்டு, டியூபை உருவிப் பாட்டிலில் போட்டுவிட்டு, எழுந்து வெளியே வந்து கத்தினான். அவளும் இறங்கி வந்து பதிலுக்குக் கத்தினாள். ஐந்து நிமிஷத்துச் சண்டை. அவள் வீட்டுக்கு நடந்துவிட்டாள். அவன் ஜாக்கியை இறக்கி, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்தான். மிதித்த இடத்தில் நின்றது. நேராக பாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

லேசாக மூடிய நிப்பிள் ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும். வண்டி அதிர அதிர, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டாகக் கசியும். பிறகு ஒரு வளைவில், ஒரு ஆள் குறுக்கே வரும்போது, பெடலுக்கு அடியில் ஒன்றுமே இருக்காது.

மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். செங்கமலத்துக்கு விபத்துச் செய்தி அதற்குள் தெரிந்திருந்தது. அவன் கை கால் கழுவாமல் சமையல்கட்டு வாசலில் நின்றதைப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவன் மூடியை எடுத்துக் காட்டினான். அது என்ன என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

“பெடல் நல்லா கல்லு மாதிரி இருந்துச்சிங்க. என் காலுக்குத் தெரியாதா?”

“அப்ப இருந்துச்சி.”

“நான் அந்த நேரத்துல வாயைத் தொறக்காம இருந்திருக்கணும்.”

“நீ பேசினா நான் இறுக்கக் கூடாதுன்னு இருக்குதா?” என்றான். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது, வெளியே வந்தபோது கோபமாக வந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் வேணு ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நின்றான். கேஸில் பிடித்த வண்டிகளை அங்கேதான் நிறுத்தி வைப்பார்கள். துருப்பிடித்த லாரி ஒன்று, கண்ணாடி இல்லாத ஆட்டோ, செடி முளைத்த பைக்குகள், அவற்றின் கடைசியில் பாயின் அம்பாசடர். வேலி கிடையாது. நாய் ஒன்று லாரி நிழலில் படுத்திருந்தது. தூரத்தில் மைன்ஸ் பஸ்கள் முதல் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது.

பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தான். வேறு சக்கரமாக இருக்கலாம். குழாய் வெடித்திருக்கலாம். நிப்பிள் இறுக்கமாகவே இருந்து, மூடி மட்டும் விட்டுப்போயிருக்கலாம். அப்படி இருந்தால் இன்று முழுக்கச் சாப்பிடுவான், தூங்குவான்.

மல்லாந்து படுத்து இடது பின்சக்கரத்துக்கு அடியில் தலையை நீட்டினான். உள்பக்கத் தகடு முழுக்க ஈரம். அதில் புழுதி அப்பிச் சேறு மாதிரி ஆகியிருந்தது. கையை மேலே விட்டு நிப்பிளைத் தொட்டான்.

விரலிலேயே சுற்றியது.

அடுத்து நடந்ததை அவன் பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லவேண்டியிருந்தது. ஒருவரும் நம்பவில்லை. சில சமயம் அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. விரலில் லூசாக ஒரு நிப்பிள் பட்டதும் அவன் கை தானாகக் கீழே போய், பேன்ட் பையில் எப்போதும் கிடக்கிற சின்ன ரிங் ஸ்பானரை எடுத்து, நிப்பிளின் தலையில் மாட்டி, ஒரு இழுப்பு இழுத்தது. சுத்தமாக, உறுதியாக, ஞாயிற்றுக்கிழமை செய்திருக்க வேண்டிய அதே இழுப்பு. பிறகு கை சட்டைப்பைக்குள் போய் ரப்பர் மூடியை எடுத்தது.

மூடியை விரல்நுனியில் பிடித்தபடி அவன் உறைந்துபோனான்.

இப்போது நிப்பிள் இறுக்கமாக இருந்தது. அது லூசாக இருந்ததென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்பானரை மறுபடி மாட்டினான், பழையபடி தளர்த்திவிடலாம் என்று. எவ்வளவு தளர்த்துவது? கால் சுற்றா, அரைச் சுற்றா? இனி எப்படி வைத்தாலும் அது தான் வைத்ததாகத்தான் இருக்கும்.

“யாருய்யா அது, வண்டிக்கு அடியில?”

காக்கி பேன்ட்டும் பூட்ஸும் தெரிந்தன. வேணு தளர்த்தாமலே ஸ்பானரையும் மூடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு புரண்டு வெளியே வந்தான். பிரவின்குமார் என்ற இளம் கான்ஸ்டபிள், கையில் பல் துலக்கும் பிரஷோடு நின்றிருந்தான்.

“மெக்கானிக் சார். பாய் வண்டிக்கு நான்தான் பார்ப்பேன்.”

“இன்ஸ்பெக்ஷன் முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. ஏதாவது தொட்டியா?”

“சும்மா பார்த்தேன் சார்.”

கான்ஸ்டபிள் அவன் கையைப் பார்த்தான். கையில் சேறும் ஆயிலும் இருந்தன. மெக்கானிக் கையில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். “போ, போ” என்று பிரஷால் காட்டினான்.

செங்கமலம் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த வாளி அப்படியே நின்றது.

“இறுக்கிட்டீங்க?”

“ம்.”

“யாரும் பார்க்கல?”

“போலீஸ்காரன் வந்தான். அடியில இருந்ததைப் பார்த்தான். இறுக்கினதைப் பார்க்கல.”

அவள் உள்ளே போய்விட்டாள். அவனும் பின்னால் போனான். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் என்னா எழுதுவாங்க?”

“நிப்பிள் டைட்டா இருக்குது, உள்ள சிலிண்டர் தேஞ்சி கசிஞ்சிருக்குதுன்னு எழுதுவாங்க. பழைய வண்டி. வண்டிக்காரன் பராமரிக்கலன்னு ஆயிடும்.”

“பாய்க்கு என்னா ஆவும்?”

“லைசென்ஸ் போவும். கேஸு நடக்கும். அந்த ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா…”

“பட்டறைக்கு?”

“பட்டறைக்கு ஒண்ணும் ஆவாது.”

இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். போகவேண்டாம், பேசாமல் இரு என்று அவள் சொல்லிவிட்டால் அப்படியே இருந்துவிடலாம். அல்லது போய்ச் சொல்லு என்று விரட்டினாலும் போய்விடலாம். அவளுக்கும் அது புரிந்தது.

“என்னைக் கேட்டா, பெடல் நல்லா இருந்துச்சின்னு சொல்லுவேன். அது பொய் இல்ல” என்றாள். “மத்தது ஒங்க கை பண்ணினது. ஒங்க வாய்தான் சொல்லணும். அதுக்கு நான் பெடல் மிதிக்க முடியாது.”

பதினொன்றே காலுக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். விஜயலட்சுமி என்று சட்டையில் பெயர் இருந்தது. நாற்பது வயது இருக்கும். காக்கிச் சேலையோ சுடிதாரோ இல்லாமல் பேன்ட் சட்டையில், கையில் டார்ச்சும் அட்டையில் செருகிய படிவமுமாக இறங்கினார். ஹிதாயத்துல்லா பாயை அழைத்துவந்து நிற்கவைத்தார்கள். இரவு வீட்டுக்கு விட்டிருந்தார்கள் போலிருக்கிறது, வேறு சட்டை போட்டிருந்தார். ஆனால் தூங்கியவர் முகமாக இல்லை. வேணு ஐந்தாறு பேரோடு லாரி ஓரமாக நின்றான்.

விஜயலட்சுமி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். அது முனகாமல் தரைவரை போனது. ஆயில் டப்பாவைத் திறந்து டார்ச் அடித்தார். அடிமட்டத்தில் ஒரு சொட்டு. இறங்கி ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். இடது பின்சக்கரத்தில் நின்றார். முழங்கால் போட்டு, கையை உள்ளே விட்டார்.



“இங்கதான் கசிஞ்சிருக்கு” என்று எழுதிக்கொண்டே சொன்னார். “நிப்பிள் டைட்டாத்தான் இருக்கு. வீல் சிலிண்டர் போயிருக்கும். பெரியவரே, கடைசியா எப்ப பிரேக் பார்த்தீங்க?”

“ஞாயித்துக்கெழமை மேடம்.”

“இந்த ஞாயித்துக்கிழமையா? யார் பார்த்தது?”

பாய் கூட்டத்தில் வேணுவைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“வேணு பார்த்தான் மேடம். பதினாறு வருஷமா அவன்தான் பார்க்கறான். அவன் பார்த்தா தப்பு இருக்காது.” நிறுத்திவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார். “ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது மேடம். நான் பிரேக்கைத்தான் மிதிச்சனா, இல்ல வயசான காலத்துல கால் மாறிப்போச்சான்னு. கால் மாறித்தான் போயிருக்கும். அப்படியே எழுதிக்குங்க.”

விஜயலட்சுமி பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

வேணுவுக்கு எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

“மேடம், டிரம்மைக் கழட்டிப் பாருங்க.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“சிலிண்டர் கசிஞ்சிருந்தா டிரம்முக்கு உள்ள நனைஞ்சிருக்கும். உள்ள காய்ஞ்சிருக்கும் பாருங்க. வெளியிலதான் ஈரம்.”

“நீங்க யாரு?”

“நான்தான் வேணு.” சக்கரத்தைக் கையால் காட்டினான். “அந்த நிப்பிள் லூசாத்தான் இருந்துச்சி. ஞாயித்துக்கெழமை நான் கடைசியா இறுக்காம வுட்டுட்டேன். இன்னிக்குக் காலையில வந்து பார்த்தேன். லூசா இருந்துச்சி. நான்தான் இறுக்கினேன்.”

பிரவின்குமாரின் முகம் வெளுத்தது. “சும்மா பார்த்தேன்னு சொன்னியேய்யா!”

“பொய் சொன்னேன் சார்.”

விஜயலட்சுமி அட்டையை பானெட் மேல் வைத்துவிட்டு, ஜாக்கியும் சக்கர ஸ்பானரும் கொண்டுவரச் சொன்னார். வேணு ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

“நீங்க தொடாதீங்க” என்றார்.

வேறு யாரோ சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைத் தட்டி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் வேணு வெயிலில் நின்றுகொண்டு, தானே கழற்றியிருந்தால் இரண்டே நிமிஷம் என்று அர்த்தமில்லாமல் நினைத்துக்கொண்டிருந்தான். டிரம் வந்ததும் விஜயலட்சுமி உள்ளே விரலால் தடவி, விரலை உற்றுப் பார்த்தார். வெறும் உலர்ந்த தூசி. பழைய தாளை அடித்துவிட்டுப் புதிய தாளில் எழுத ஆரம்பித்தார்.

“காலையில தொட்டது தனிக் குற்றம். தெரிஞ்சுதான் பேசறீங்களா?”

“தெரியும் மேடம்.”

“ஏன் இறுக்கினீங்க?”

“தெரியல மேடம். லூசா இருந்துச்சி, இறுக்கிட்டேன்.”

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

பாய் மெல்ல நடந்து வந்து அவன் எதிரில் நின்றார். அடிக்கப்போகிறார் என்றுதான் வேணு நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

“என் காலுன்னு நெனச்சிகினு இருந்தேன்டா” என்றார். “வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன், இனிமே வண்டி ஓட்ட மாட்டேன், என் காலை நம்ப முடியலன்னு. ராத்திரி பூரா அவ அழுவறா.”

“பாய்…”

“நேத்து ஸ்டேஷன்ல கேட்டனே. அப்ப சொல்றதுக்கு என்னா?”

“அப்ப எனக்கே தெரியாது பாய்.”

“காலையில தெரிஞ்சிச்சில்ல?” அம்பாசடரைத் திரும்பிப் பார்த்தார். “என் வண்டியை இனிமே நீ தொடாத.”

அவ்வளவுதான். திரும்பி நடந்தார். சொன்னபடியே அந்த வண்டி அதன்பிறகு வேணுவின் பட்டறைக்கு வரவில்லை. வடலூரில் யாரோ பார்ப்பதாகச் சொன்னார்கள். ஆனால் பாய் மறுபடி ஓட்ட ஆரம்பித்திருந்தார். பட்டறையைக் கடக்கும்போது அந்த எஞ்சின் சத்தம் வேணுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும்.

அன்றைக்கு மாலை வரைக்கும் அவனை ஸ்டேஷனில் வைத்திருந்து எழுதி வாங்கினார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் மைன்ஸில் பர்மனென்ட், அவர் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் பட்டறைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. செங்கமலம் இந்தமுறை அவனைக் கேட்காமலே கேன்டீனுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல் ஒருவர், காலையில் இறுக்கியதைப் பற்றி வாய்தவறிப் பேசியதாகச் சொல்லிவிடலாம், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேணு வேறு வக்கீலைப் பார்த்தான்.

சின்னதுரையைப் பார்க்கப் போக அவனுக்கு ஐந்து வாரம் ஆனது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டான். தொடை எலும்பில் பிளேட் வைத்து, மாமியார் வீட்டுக்கு மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினான். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. திரும்பிப் போய்விட அது நல்ல சாக்குதான். இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

வாசலில் சின்னதுரையின் மனைவி சுப்புலட்சுமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பேரைச் சொன்னதும் முறம் நின்றது. எழுந்து வழிவிட்டாள்.

சின்னதுரை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். தாடி வளர்ந்திருந்தது.

“யாரு?”

“மந்தாரக்குப்பம் வேணுங்க. மெக்கானிக்.”

சின்னதுரை அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான்.

“ஒரு திருகு. ஒரே ஒரு திருகு திருவறதுக்கு ஒனக்கு என்னா கேடு?”

“வேலை நடுவுல வீட்டுக்காரிகிட்ட சண்டை போட்டுட்டேங்க.”

“நீ ஒன் பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டா நான்தான் நடு ரோட்டுல வுழுவணுமா?”

வேணு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். சின்னதுரை நிறுத்தவில்லை. பதினொரு வருஷமாக கான்ட்ராக்ட், இந்த வருஷம்தான் பர்மனென்ட் ஆவதற்கான சீனியாரிட்டி லிஸ்ட்டில் பேர் வருகிற நேரம், மூன்று மாதம் வேலைக்குப் போகாவிட்டால் அந்தப் பேரை வைப்பார்களா எடுப்பார்களா என்று எவனுக்கும் தெரியாது. மச்சான் தூக்கிவிட்டால்தான் கக்கூஸ். எட்டு வயது மகள், அப்பா எப்ப நடப்பே என்று கேட்கிறாள். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித் திட்டினான். வேணுவின் தாயையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் மூச்சு வாங்கியபோது சுப்புலட்சுமி உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து புருஷனிடம் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு மறுபடி திட்டினான்.

கடைசியில் ஓய்ந்தான்.

“ஒரு மாசமா அந்த பாயைத்தான் திட்டிகினு இருந்தேன். அந்தாளு ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை வந்தாரு. மூஞ்சியைத் திருப்பிகினேன்” என்றான். “போலீஸ்காரன் வந்து சொன்னப்பதான் தெரியும், நீயா வாயைத் தொறந்து சொன்னேன்னு.”

சின்னதுரை சொம்பைத் தரையில் வைத்தான்.

“கோர்ட்டுல கேக்கும்போதும் இதையே சொல்லுவியா? மாத்த மாட்டியே?”

“மாட்டேங்க.”

“வக்கீல் மாத்தச் சொல்லுவான்.”

“சொன்னாருங்க. நான் வேற ஆளைப் பார்த்துட்டேன்.”

சின்னதுரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே முறத்தின் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தது. அடிபட்ட காலை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தான். உதவப்போன வேணுவை வேண்டாம் என்று தலையசைத்து நிறுத்தினான்.

“ஏழாம் தேதி கடலூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்றான். “ஆட்டோவுல காலை நீட்ட முடியல, உசுரு போவுது. ஒரு காரு கொண்டா.”

“கொண்டாறேங்க.”

“பிரேக் புடிக்கற காரா பார்த்துக் கொண்டா.”

உள்ளேயிருந்து சுப்புலட்சுமி சிரிப்பை அடக்குவது கேட்டது. சின்னதுரை சிரிக்கவில்லை. வேணுவும் சிரிக்கவில்லை. “எத்தனை மணிக்கு வரணுங்க?” என்று கேட்டான்.

“எட்டுக்கு. லேட் பண்ணாத.”